ஒரு தெருவின் உமிழ்வைக் குறைக்க ஐந்து மாணவர்களால் முடியுமா?

கேள்வி இதுதான்: பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து பேர். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சி ஊர். கையில் ஒரு பருவம், அதாவது 16 வாரம். செலவுக்கு 10,000 ரூபாய். "ஏதாவது ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து அதன் பசுமை இல்ல வாயு உமிழ்வைக் குறைத்துக் காட்டுங்கள்" என்பது பணி. விழிப்புணர்வுப் பேரணி, வீடு வீடாகத் துண்டறிக்கை, 100 மரக்கன்று என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். இது போதுமா, வேறு என்ன செய்யலாம்?

போதாது. பேரணியால் எத்தனை கிலோ குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மரக்கன்று நடுவது நல்ல காரியம், ஆனால் நட்ட முதல் ஆண்டில் ஒரு கன்று பிடித்துவைக்கும் கார்பனைக் கிலோவில் சொல்லவே கூச்சமாக இருக்கும். வளர்ந்த மரமே இனம், மண், வயதைப் பொறுத்து ஆண்டுக்குப் பத்து இருபது கிலோ கார்பன் டை ஆக்சைடு எடுத்தால் அதிகம். உங்கள் 16 வாரத்தில் 100 கன்றுகளும் சேர்ந்து எடுப்பது, ஒரே ஒரு பழைய மின்விசிறியை மாற்றுவதால் ஓராண்டில் குறைவதைவிடக் குறைவு. நிழலுக்காக நடுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

"குறைத்துக் காட்டுங்கள்" என்பதில் கடினமான சொல் "காட்டுங்கள்"தான். அதற்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற இரண்டு எண்கள் வேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வெயில், விடுமுறை, விருந்தாளி என்று வேறு எதுவும் நுழையவில்லை என்றும் நிரூபிக்க வேண்டும். ஆகவே 16 வாரத்தில் முதல் ஆறு வாரம் அளப்பதற்கே போய்விடும். அது வீண் அல்ல.

எல்லையைச் சின்னதாக வையுங்கள். ஊர் முழுவதும், வார்டு முழுவதும் என்று போகாதீர்கள். 100 முதல் 150 வீடுகள் உள்ள ஒரு தெரு அல்லது காலனி போதும். ஐந்து வகை உமிழ்வை மட்டும் எடுங்கள்: வீட்டு மின்சாரம், சமையல் கேஸ், அந்த வீடுகளின் வண்டிகள் குடிக்கும் பெட்ரோல், ஈரக்குப்பை, ஏ.சி.யிலிருந்து கசியும் வாயு. வாங்கிச் சாப்பிடும் அரிசி, துணிமணி, விமானப் பயணம் எல்லாவற்றுக்கும் உமிழ்வு உண்டு. அவற்றை நீங்கள் எடுக்கவில்லை என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால்தான் தேர்வாளர் பிடிப்பார்.

தரவுக்கு வருவோம். மின்சாரத்துக்கு யாரிடமும் "மாதம் எவ்வளவு கரண்ட் ஆகும்?" என்று கேட்காதீர்கள். மின் இணைப்பு எண் இருந்தால் கடந்த ஆறு பில்கள், அதாவது ஓராண்டின் ரீடிங், அந்த வீட்டாரின் போனிலேயே கிடைக்கும். இங்கே இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதை மறந்துவிட்டு, அதை ஒரு மாதக் கணக்காக எடுத்து உமிழ்வை இரட்டிப்பாக்கிய அறிக்கைகள் ஏராளம். இன்னொரு பொறி, ஒரே வீட்டில் இரண்டு மீட்டர். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் மாடிக்குத் தனி இணைப்பு வாங்கியிருப்பார்கள். வீடுகளைத் தனியாகவும் மீட்டர்களைத் தனியாகவும் எண்ணுங்கள். வாடகை வீடுகளில் உரிமையாளரே ஒரு துணை மீட்டர் வைத்துக் காசு வாங்குவதும் உண்டு. அங்கே மின் வாரியத்தின் பில் குடித்தனக்காரர் பெயரில் இருக்காது.

கேஸுக்கு சிலிண்டர் பதிவு செய்த குறுஞ்செய்திகளைப் பாருங்கள். ஓராண்டில் எத்தனை முறை வந்தது என்பது அதில் தெரியும். பெட்ரோலுக்கு "எத்தனை லிட்டர்?" என்று கேட்டால் பதில் வராது. "வாரம் முந்நூறு ரூபாய்க்குப் போடுவேன்" என்றுதான் சொல்வார்கள். அதையே எழுதிக்கொண்டு விலையால் வகுங்கள். அதைவிட நல்லது, வண்டியின் கிலோமீட்டர் எண்ணை ஒருமுறை படம் எடுத்துவிட்டு 30 நாள் கழித்து மறுபடி எடுப்பது. இது பேச்சு அல்ல, அளவு.

தெருவில் 120 வீடு என்றால் எல்லாவற்றிலும் தரவு கிடைக்காது. 40 வீடு கிடைத்தால் போதும், ஆனால் எந்த 40 என்பது முக்கியம். கதவைத் திறந்தவர்களை மட்டும் எடுத்தால் பகலில் ஆள் இருக்கும் வீடுகளே வரும். வேலைக்குப் போகும் இருவர் வாழும், ஏ.சி. ஓடும் வீடுகள் விட்டுப்போகும். வெளிப்புறத்தில் தொங்கும் ஏ.சி. பெட்டிகளைத் தெருவில் நடந்தே எண்ணிவிடலாம். ஏ.சி. உள்ளவை, இல்லாதவை என்று பிரித்து, தெருவில் என்ன விகிதமோ அதே விகிதத்தில் 40-ஐ எடுங்கள். போக வேண்டிய நேரம் காலை பத்தரை முதல் பதினொன்றரை வரை, அல்லது மாலை ஐந்து முதல் ஆறரை வரை. ஒரு மாணவியாவது உடன் போகட்டும். பெயருக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு குறியெண் கொடுங்கள். மின் இணைப்பு எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். "இதைக் காட்டி வரி போடுவார்களா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் அந்தப் பயத்தைப் பாதி குறைக்கும், கல்லூரி அடையாள அட்டை மீதியை.

இனி மடங்கு எண்கள், அதாவது ஒரு யூனிட்டுக்கு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ உமிழ்வு என்பது. மின்சாரத்துக்கு மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் எண்ணை எடுங்கள். அண்மை ஆண்டுகளில் அது ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஒட்டியே இருக்கிறது. "தமிழ்நாட்டில் காற்றாலை அதிகம், நமக்குக் குறைவாகத்தானே வரும்?" என்று குழுவில் ஒருவர் கட்டாயம் கேட்பார். 2013 டிசம்பர் 31-இல் தென்னக மின்தொகுப்பும் மற்றப் பகுதிகளின் தொகுப்போடு இணைந்துவிட்டது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே வலை. நீங்கள் அணைக்கும் விளக்கால் எந்த ஊர் நிலக்கரி குறைகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தேசிய எண்ணையே எடுங்கள். முன்பு, பின்பு இரண்டுக்கும் ஒரே ஆண்டின் எண்ணாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மின்நிலையங்கள் செய்த முன்னேற்றத்தை உங்கள் தெருவின் முன்னேற்றமாகக் காட்டிவிடுவீர்கள். வெளிநாட்டு இணையதளங்களில் உள்ள கார்பன் கணிப்பான்கள் பக்கம் போகவே வேண்டாம். அவை பெரும்பாலும் வேறொரு நாட்டின் மின்சாரத்தைக் கணக்கிடுகின்றன.

சமையல் கேஸ் ஒரு கிலோவுக்கு 2.98 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ என்று நினைவில் வையுங்கள். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசல் 2.7. குப்பை அழுகும்போது வரும் மீத்தேன் வாயுவைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 28-ஆல் பெருக்குங்கள். இது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கை தந்த எண். ஆறாம் அறிக்கையின் எண்கள் சற்று வேறு. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு எப்படி ஓடும் என்று பார்க்க 120 வீடுள்ள ஒரு கற்பனைத் தெருவை எடுப்போம். சராசரியாக இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் என்றால் ஆண்டுக்கு 1,920 யூனிட். 0.72-ஆல் பெருக்கினால் வீட்டுக்கு 1,382 கிலோ, தெருவுக்கு 166 டன். வீட்டுக்கு ஏழு சிலிண்டர் என்றால் தெருவுக்கு 36 டன். 150 இருசக்கர வண்டிகள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 100 லிட்டர் என்றால் 34.5 டன். 20 கார்கள், தலைக்கு 400 லிட்டர் என்றால் 18 டன். ஈரக்குப்பை வீட்டுக்கு நாளொன்றுக்கு 600 கிராம், ஆழமான குப்பைமேட்டுக்குப் போனால் 29 டன். ஏ.சி. கசிவு சுமார் மூன்று டன். மொத்தம் 287 டன் வரும், அதில் மின்சாரம் பாதிக்கு மேல். உங்கள் தெருவின் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் எங்கே கை வைப்பது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் பதில் வரும்.

மின்சாரத்தில் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருப்பது மின்விசிறி. பழைய விசிறி முழு வேகத்தில் 75 வாட் எடுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டை ஒட்டி. நாளைக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒரு விசிறிக்கு 135 யூனிட், சுமார் 97 கிலோ குறையும். 100 விசிறி மாறினால் ஏறக்குறைய பத்து டன். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். கூரை விசிறிக்குப் பிளக் இல்லாததால், பிளக்கில் செருகும் அளவுக் கருவி இங்கே உதவாது. வீட்டு மீட்டரே உதவும். அதன் முகப்பில் 3200 இம்பல்ஸ் என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட் என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து, ஒரு விசிறியை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிடம் மினுக்கலை எண்ணுங்கள். எண்ணிக்கையை 6,000-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் வாட். 40 முறை மினுக்கினால் 75 வாட், 16 முறை என்றால் 30 வாட். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மினுக்கிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான். அதை அணைக்க மறந்துவிட்டு விசிறியைக் குறை சொல்லும் குழுக்கள் உண்டு. விசிறியை எந்த வேகத்தில் வைத்து அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மின்னணு ரெகுலேட்டரில் இரண்டாம் எண்ணில் ஓடும் பழைய விசிறி 75 வாட் எடுக்காது, அங்கே மிச்சமும் குறைவு.

காசுக் கணக்கும் இதோடு ஒட்டியது. ஒரு விசிறி சுமார் 3,000 ரூபாய். இலவச 100 யூனிட்டுக்குள் வாழும் வீட்டுக்கு அதனால் ஒரு பைசா மிச்சமில்லை. உமிழ்வு குறையும், ஆனால் அவர்கள் ஏன் வாங்க வேண்டும்? அந்த வீட்டுக் கதவைத் தட்டி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். தட்ட வேண்டிய கதவு, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைச் சற்றே தாண்டுகிற வீடு. தமிழ்நாட்டுக் கட்டண அடுக்கில் 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் மலிவு விகிதத்தை இழந்து அதன் இரண்டு மடங்குக்குத் தாவிவிடும். 520 யூனிட் எடுக்கும் வீட்டில் 25 யூனிட்டைக் குறைத்துக் கொடுத்தால் அந்த வீட்டம்மா உங்களை மறக்கமாட்டார். பில்களைத் திரட்டி வைத்திருப்பதால் அந்த வீடுகள் எவை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே போய் கார்பனைப் பற்றிப் பேசாமல் ரூபாயைப் பற்றிப் பேசுங்கள். 10,000 ரூபாயில் நான்கு விசிறி கூட வாங்க முடியாது. ஆனால் 50 விசிறிக்கு மொத்த விலை என்ன என்று மூன்று கடைகளில் எழுதி வாங்கி, தவணைக்குக் கொடுப்பார்களா என்று கேட்டுவைக்கலாம். அது செலவில்லாத வேலை.

ஏ.சி. உள்ள வீடுகளில் இரண்டு வேலை. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. பழையவை 18-லும் 20-லும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய ஆறு விழுக்காடு மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு. 26-இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்.

இரண்டாவது வேலையைப் பெரும்பாலான மாணவர் குழுக்கள் தொடுவதே இல்லை. "வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறோம்" என்று சொல்லும் வீட்டைத் தேடுங்கள். ஏ.சி. வாயு எரிபொருள்போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆர்-410ஏ என்ற ஏ.சி. வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம், ஏறக்குறைய 2,800 யூனிட் மின்சாரம். பழைய ஆர்-22 என்றால் சுமார் 1.8 டன். ஆர்-32 என்றால் 0.68 டன்தான். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது வெளிப்பெட்டியின் ஒட்டுத்தாளிலேயே இருக்கும். பழுது பார்ப்பவர் முதலில் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிச் சோப்பு நுரை வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, பிறகு வெற்றிடப் பம்பு போட்டு, எடை பார்த்து நிரப்ப வேண்டும். நடைமுறையில் மிச்ச வாயுவைத் திறந்துவிட்டு அப்படியே மறுபடி நிரப்புவார்கள். இந்த வேலையை மாணவர்கள் தாங்களாகச் செய்யக் கூடாது. குழாயில் அழுத்தம் இருக்கிறது, ஆர்-32 தீப்பற்றும் தன்மையும் கொண்டது. உங்கள் வேலை, இந்த நான்கு படிகளைத் தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்து, "இப்படிச் செய்தால்தான் காசு" என்று சொல்ல வைப்பது.

சமையலில் ஒரு தவறான அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது: கேஸை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினால் உமிழ்வு குறையும் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கேஸில் 47.3 மெகாஜூல், அடுப்பின் திறன் 65 விழுக்காடு என்றால் பாத்திரத்துக்குப் போவது சுமார் 31. அதே சூட்டை 85 விழுக்காடு திறனுள்ள இண்டக்‌ஷனில் தர பத்து யூனிட் வேண்டும். பத்து யூனிட்டுக்கு 7.2 கிலோ, கேஸுக்கு 2.98 கிலோ. இன்றைய மின்தொகுப்பில் மாறினால் உமிழ்வு இரண்டு மடங்குக்கு மேல் கூடும். மாடியில் சூரிய மின்தகடு இருந்து, அதற்கு ஏற்ற அளவில் உற்பத்தியும் இருந்தால் கதை வேறு. அதுவரை பருப்பை ஊறவைத்துக் குக்கரில் வைப்பதும், ஆவி வந்ததும் தீயைக் குறைப்பதும், பர்னர் துளையைச் சுத்தம் செய்து மஞ்சள் சுடரை நீலமாக்குவதும் போதும். மின்சார ஸ்கூட்டருக்கு நிலைமை வேறு: சார்ஜர் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு 25 கிராம், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு 51 கிராம். பாதி. ஆனால் உங்கள் பருவத்துக்குள் யாரும் வண்டி மாற்றப்போவதில்லை, அதனால் இதை அறிக்கையில் ஒரு பத்தியோடு விடுங்கள்.

ஈரக்குப்பைதான் மாணவர்கள் தங்கள் கையால் செய்து முடிக்கக்கூடிய வேலை, ஏமாறக்கூடிய இடமும் அதுவே. முதலில் உங்கள் தெருக் குப்பை எங்கே போகிறது என்று வண்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். நகராட்சியின் உரக்கூடத்துக்குப் போய் அங்கே உண்மையாகவே உரமாகிறது என்றால், நீங்கள் தெருவில் உரம் போடுவதால் குறைவது ஏறக்குறைய பூஜ்யம். குப்பைமேட்டுக்குப் போகிறது என்றால் அந்த மேட்டின் ஆழத்தைப் பாருங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் குவிந்திருந்தால் உள்ளே காற்றுப் புகாது, ஐ.பி.சி.சி. முறைப்படி மீத்தேன் திருத்த எண், அதாவது காற்றில்லாமல் அழுகும் பங்கு, 0.8. அதைவிடத் தாழ்வான மேடு என்றால் 0.4. உணவுக் கழிவில் மக்கும் கார்பன் 15 விழுக்காடு, அதில் பாதி சிதையும், அதிலும் பாதி மீத்தேனாகும், கார்பனிலிருந்து மீத்தேன் எடைக்கு 16/12. இவை எல்லாவற்றையும், மீத்தேனுக்கான 28-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் ஆழமான மேட்டில் ஒரு கிலோ ஈரக்குப்பைக்கு 1.12 கிலோ, தாழ்வான மேட்டில் 0.56. இந்த மீத்தேன் ஒரே நாளில் வராது, பல ஆண்டுகளில் வரும். போட்ட ஆண்டின் கணக்கில் முழுவதையும் எழுதுகிறோம் என்று குறிப்பிடுங்கள்.

உரம் போட்டாலும் உமிழ்வு உண்டு என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ ஈரக்குப்பைக்கு நான்கு கிராம் மீத்தேன், 0.24 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு. இரண்டையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிக் கூட்டினால் சுமார் 0.18 கிலோ. ஆகவே ஆழமான மேட்டிலிருந்து தடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் நிகர மிச்சம் 0.94 கிலோ. 60 வீடு சேர்ந்தால் நாளைக்கு 36 கிலோ, ஆண்டுக்கு 13 டன் குப்பை, 12 டன் உமிழ்வு மிச்சம். தாழ்வான மேடு என்றால் அதே உழைப்புக்கு ஐந்து டன்.

600 கிராம் என்ற எண்ணையும் கடன் வாங்காதீர்கள். 20 வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்து, தொங்கு தராசில் ஏழு நாள் தொடர்ந்து நிறுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குப்பையும் வெள்ளிக்கிழமைக் குப்பையும் ஒன்றல்ல. பண்டிகை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். தேங்காய் மட்டை, சிரட்டை, வாழைத்தண்டு மூன்றையும் தனியாக எடை போடுங்கள்; அவை எடையைக் கூட்டும், ஆனால் இரண்டு மாதத்தில் மக்காது.

தொட்டிக்குக் கிணற்று உறை போதும். மூன்றடி விட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உறை, பக்கவாட்டில் அரையங்குலத் துளைகள், அடியில் செங்கல் ஜல்லி. இப்படிப் பல தொட்டிகள் இருந்தால் ஒன்று நிரம்பி மக்கும்போது அடுத்தது நிரம்பும். நிரம்பும் வேகத்தை முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, போதவில்லை என்றால் இன்னும் சேருங்கள். ஒரு வாளி ஈரக்குப்பைக்கு ஒன்றரை வாளி காய்ந்த இலை என்ற கணக்கில் அடுக்குங்கள், மேலே கைப்பிடி பழைய உரம் அல்லது புளித்த மோர்க் கரைசல். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும். நடுவில் 55 முதல் 65 டிகிரி சூடு ஏறினால் சரியாகப் போகிறது. மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் காய்ந்த இலை போதவில்லை. அழுகிய முட்டை வாடை வந்தால் நீர் அதிகம், காற்று இல்லை. உடனே கிளறி இலை போடுங்கள். இல்லாவிட்டால் குப்பைமேட்டில் தடுத்த மீத்தேனைத் தெருவிலேயே தயாரிப்பீர்கள். திட்டத்தைக் கொல்வது பெரும்பாலும் காய்ந்த இலைப் பஞ்சம்தான். மழைக்காலத்தில் இலை கிடைக்காது. தொடங்குவதற்கு முன்பே 20 சாக்கு நிறையச் சேர்த்து நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள், தச்சுப் பட்டறையின் இழைப்புத்தூளும் ஆகும். கோழி, மீன் கழிவை முதல் மாதம் சேர்க்கவே வேண்டாம். ஒரு நாள் நாறினால் போதும், தெரு உங்களை அனுப்பிவிடும்.

சூரிய மின்தகட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டன் கணக்கில் பார்த்தால் அதுவே பெரியது. ஒரு கிலோவாட் இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,450 யூனிட் தரும், ஒரு டன்னை ஒட்டி. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பத்து வீட்டில் மூன்று கிலோவாட் ஏறினால் ஆண்டுக்கு 31 டன். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக வாங்கியதும் இதே வழிதான்: சிறு மிச்சங்களைவிட ஒரு முதலீடு பெரிது. ஆனால் தகடு வாங்குவது வீட்டுக்காரரின் பணம், வீட்டுக்காரரின் முடிவு. நீங்கள் செய்யக்கூடியது, 500 யூனிட்டைத் தாண்டும் சொந்த வீடுகளில் மொட்டைமாடியை அளந்து, காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று வரைந்து, விண்ணப்பத்தை நிரப்ப அவர்களோடு உட்காருவது. கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழல் ஒரு தகட்டில் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடலாம். பருவம் முடிவதற்குள் மின்சாரம் ஓடத் தொடங்கியதை மட்டும் "குறைந்தது" என்று எழுதுங்கள். விண்ணப்பித்தது வேறு பத்தியில் போகட்டும்.

உங்கள் இடம் நகரமல்ல, டெல்டாவில் ஒரு கிராமம் என்றால் மேலே சொன்ன வரிசையே தலைகீழாகும். இடைவிடாமல் நீர் தேங்கி நிற்கும் ஒரு ஹெக்டேர் நெல் வயல் தெற்காசியாவில் நாளொன்றுக்குச் சுமார் 0.85 கிலோ மீத்தேன் விடும் என்பது ஐ.பி.சி.சி.யின் 2019 திருத்தம். 110 நாளுக்கு அது 2.6 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் அது 0.55 மடங்காகும், ஏக்கருக்கு, ஒரு போகத்துக்கு, கிட்டத்தட்ட அரை டன் மிச்சம். எப்போது பாய்ச்சுவது என்று பார்க்க, ஓரடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி இறக்குங்கள். உள்ளே நீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் அடுத்த பாய்ச்சல். பூக்கும் நாட்களில் மட்டும் காயவிடக் கூடாது. போர்வெல் வைத்திருப்பவரிடம் இது எடுபடும். முறை வைத்து வாய்க்கால் நீர் வாங்குபவரிடம் எடுபடாது: அடுத்த முறை எப்போது வருமோ என்ற அச்சத்தில் வந்த நீரைத் தேக்கத்தான் செய்வார், அதில் தவறும் இல்லை.

கடைசியாக அளவு. செய்தவற்றின் பலனை மார்ச் பில்லோடு மே பில்லை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், வெயில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். போன ஆண்டின் அதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதுவும் போதாது, போன கோடை இதைவிடக் கடுமையாக இருந்திருக்கலாம். அதனால் நீங்கள் தொடாத பக்கத்துத் தெருவில் ஏறக்குறைய அதே மாதிரி 15 வீடுகளின் பில்லையும் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். உங்கள் வீடுகள் 420-இலிருந்து 370-ஆகவும், பக்கத்துத் தெரு 410-இலிருந்து 395-ஆகவும் குறைந்திருந்தால் உங்கள் பங்கு 50 அல்ல, 35. அந்த 35-ஐ எழுதும் குழுவின் அறிக்கையைத்தான் நம்பலாம். விசிறிக்குக் கணக்கிட்ட மிச்சத்தையும் பில்லில் தெரிந்த மிச்சத்தையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டும் ஒன்றே. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது பில்லிலிருந்து வந்ததா, அளந்ததா, சொல்லக் கேட்டதா, ஊகித்ததா என்று ஓர் எழுத்துப் போடுங்கள்.

காலக்கணக்கில் கவனம்: உங்கள் வேலை முடிந்த பிறகு இரண்டு மாதம் போனால்தான் ஒரு முழு ரீடிங் கிடைக்கும். தெருவின் ரீடிங் தேதியை முதல் வாரமே கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி அட்டவணை போடுங்கள். அது பொருந்தாவிட்டால் 20 வீட்டு மீட்டரை நீங்களே வாரந்தோறும் ஒரே கிழமை, ஒரே நேரத்தில் படம் எடுங்கள்.

உரத்தொட்டிக்குச் சாவி யாரிடம் என்பதையும் பத்தாவது வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். தேர்வு விடுமுறை வந்ததும் கிளற ஆளில்லாமல் மூன்றாம் வாரம் புழு வைக்கும். தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசி, நாளைக்கு அரைமணி நேர வேலைக்கு வீட்டுக்கு மாதம் இருபது முப்பது ரூபாய் வசூலித்துக் கொடுப்பதாகவும், உரம் விற்ற பணம் முழுவதும் அவருக்கே என்றும் தெருவாரின் கையெழுத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். காய்ந்த இலை இருக்கும் இடத்தையும் தராசையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.